வெள்ளைச் சரிவு – 6: கம்பில் சிக்கிய பலகை

பனிச்சறுக்கு வீராங்கனை ஆண்ட்ரியா மீட் லாரன்ஸ் முதல் தங்கத்தை வென்ற இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். அது 1952 பிப்ரவரி 14. ஆஸ்லோ குளிர்கால ஒலிம்பிக்கின் துவக்க விழாவே மறுநாள்தான்! அதற்கும் நார்வே அரசரோ பட்டத்து இளவரசரோ வரவில்லை. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் இறுதிச் சடங்குக்காக இருவரும் லண்டன் போயிருக்க, அரசரின் பேத்தி ராக்ன்ஹில்ட் போட்டிகளைத் தொடங்கி வைத்தார். இங்கே நம் முதல் பொதுத் தேர்தல் முடியும் தறுவாயில் இருந்த நேரம்.

ஆண்ட்ரியாவுக்கு வயது 19. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் அப்பாவும் அம்மாவும் 1937-இல் பிக்கோ சிகரத்தில் பனிச்சறுக்கு மைதானம் திறந்தார்கள். சறுக்கக் கற்றுக்கொடுக்க சுவிட்சர்லாந்திலிருந்து கார்ல் ஆக்கரை வரவழைத்தார்கள். வீட்டு வாசலிலேயே மலை. 15 வயதில் 1948 செயின்ட் மோரிட்ஸ் ஒலிம்பிக்கிலும் இறங்கிவிட்டாள். போரில் தோற்ற ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் அந்த ஆண்டு அழைப்பில்லை. 1952-இல் ஜெர்மன் பெண்கள் திரும்பி வந்திருந்தார்கள். ஓசி ரெய்ஹெர்ட், ஆனெமரி புக்னர் என்ற அந்த இரு பெயர்களை மறக்காதீர்கள்.

தங்கம் வென்ற மூன்றாம் நாள் டவுன்ஹில் பந்தயம். அதில் கிடைத்தது 17-ஆவது இடம். முதல் தங்கம் அதிர்ஷ்டமா, திறமையா? 20-ஆம் தேதி ஸ்லாலம்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஸ்லாலம் என்றால், சரிவில் நட்ட கொடிக் கம்புகளுக்கிடையே வளைந்து வளைந்து இறங்குவது. இரண்டு சுற்று, இரண்டின் நேரத்தையும் கூட்டி, குறைவாக எடுத்தவருக்குத் தங்கம். இரண்டு கம்புகள் சேர்ந்தது ஒரு வாசல்; ஒன்றைக்கூட விடக்கூடாது. அடி அண்ணாமலைக்காரர்களுக்குச் சொல்வதென்றால், கிரிவலத்தில் எட்டு லிங்கங்களில் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்த பௌர்ணமிக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஸ்லாலமில் அந்தச் சலுகை கிடையாது. அன்றைய விதிப்படி, விட்ட வாசலுக்குத் திரும்ப ஏறிப் போய், அதன் வழியே வந்தாக வேண்டும். அதுவரை கடிகாரம் ஓடும். அரை நொடியில் பதக்கம் கைமாறும் பந்தயத்தில் எவர் திரும்பி ஏறுவார்? பெரும்பாலோர் பலகையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக இறங்கிவிடுவார்கள்.

ரோட்கிளைவா சரிவு. முதல் சுற்று. வேகமாக வந்த ஆண்ட்ரியாவின் பலகை நுனி ஒரு வாசலில் சிக்கியது. உடல் சுழன்றது. வாசலைத் தாண்டிக் கீழே போய் நின்றாள்.

ஓரமாக இறங்கவில்லை. பலகைகளோடு சரிவில் மேலே ஏறினாள், விட்ட வாசலுக்குள் புகுந்தாள், மீண்டும் பாய்ந்தாள். எல்லைக்கோட்டைத் தொட்டபோது நான்காம் இடம். சிக்கி, ஏறி, அதன் பிறகு நான்காவது! தோல்வி மூட்டையை அப்போதே கட்டியிருந்தால் இந்தத் தொடரில் அவளுக்கு ஓர் அத்தியாயம்கூட இருந்திருக்காது.

அவளுக்கு முன்னால் மூன்று பேர். மிச்சம் ஒரே ஒரு சுற்று.

(தொடரும்)