வவுச்சர்

நம் அலுவலகங்களில் வவுச்சர் என்பது டீ, ஆட்டோ செலவுக்குக் கையெழுத்துப் போட்டுக் கணக்கரிடம் நீட்டும் தாள். செலவுக்குப் பின் எழுதுவது. அமெரிக்கக் கல்விச் சண்டையில் அது முன்பே வந்துவிடுகிறது: வரிப்பணத்தில் தனியார் பள்ளிக் கட்டணம் கட்டப் பெற்றோருக்குத் தரும் சீட்டு. பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் 1955இல் முன்வைத்த யோசனை. அமெரிக்க நகரமான மில்வாக்கியில் 1990இல் நடைமுறையானது. மதப் பள்ளிகளுக்கும் செல்லும் என 2002இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 எனத் தீர்ப்பளித்தது.

வேர், லத்தீனின் 'வொகாரே': அழைத்தல். நிலவழக்கில் உரிமைக்குப் பொறுப்பேற்றவரை நீதிமன்றத்துக்கு அழைப்பதே பழைய பொருள். அழைப்பு சான்றாகி, சான்று ரசீதாகி, ரசீது பணமாகவே ஆகிவிட்டது!

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'கல்விச் சீட்டு' என்றால் நம் பெற்றோர் “சீட் கிடைச்சாச்சா?” என்பார்கள். 'பற்றுச்சீட்டு' பணம் பெற்றதற்கானது, பொருந்தாது. 'கட்டண உறுதிச்சீட்டு' நீளம்தான், ஆனால் பொருள் பிசகாது.