பேட் காரெட் கொலை வழக்கு: ஜாமீன் கொடுத்தது யார்?

லயன் காமிக்ஸ், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்த ஆட்களுக்கு ஒரு சின்ன ஆசை இருக்கும். டெக்ஸ் வில்லரும் கேப்டன் டைகரும் திரிந்த அந்த ஊர்களில் நிஜத்தில் என்னதான் நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கும் அந்த ஆசை உண்டு. அப்படித் தோண்டிக்கொண்டே போனபோது மாட்டியதுதான் இந்த வழக்கு. கொலை நடந்த விதத்தைவிட ஜாமீன் கிடைத்த விதம்தான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது.

பில்லி தி கிட் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1881 ஜூலை 14 அன்று இரவு ஃபோர்ட் சம்னர் என்ற இடத்தில் அவனைச் சுட்டுக் கொன்ற ஷெரீப்தான் பேட் காரெட். அடுத்த வருடமே அவர் பெயரில் பில்லியின் வாழ்க்கை வரலாறு புத்தகமாக வந்தது. அமெரிக்கா முழுக்க அவருக்குப் பெயர். ஆனால் பெயர் சோறு போடாது என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் கிடையாது.

நான் பி.காம். படிப்பவன். அதனால் யார் கதையைப் படித்தாலும் பற்று வரவுதான் முதலில் கண்ணில் படுகிறது. காரெட்டின் கணக்கில் வரவை விடப் பற்றுதான் அதிகம். பீகோஸ் பள்ளத்தாக்கில் பாசனத் திட்டம் ஒன்றில் இறங்கினார், கைகூடவில்லை. குதிரை வளர்த்தார், சூதாடினார், தாராளமாகக் கடன் வாங்கினார். 1901 கடைசியில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அவரை எல் பாஸோ நகரத்தின் சுங்க அதிகாரியாக நியமித்தார். நல்ல வேலை. அதுவும் 1905-க்கு மேல் நீடிக்கவில்லை. சூதாட்ட விடுதி நடத்திய நண்பர் ஒருவரை ஜனாதிபதியோடு போட்டோவுக்கு நிற்க வைத்தது வினையாகப் போயிற்று.

வேலை போனதும் நியூ மெக்சிகோவின் லாஸ் குரூசஸ் ஊருக்குக் கிழக்கே, சான் ஆண்ட்ரெஸ் மலையடிவாரத்தில் இருந்த தன் பண்ணைக்குத் திரும்பினார். நியூ மெக்சிகோ அப்போது மாநிலம்கூட இல்லை, வெறும் பிரதேசம் (மாநிலமானது 1912-ல்). கையில் நிலம் இருக்கிறது, காசு இல்லை. வரி பாக்கி, கடன் பாக்கி. அவர் கடன்பட்டிருந்தவர்களில் ஒருவர் பக்கத்துப் பெரிய பண்ணைக்காரர் டபிள்யூ. டபிள்யூ. காக்ஸ். காரெட்டின் அடமானம் அவர் கைக்குப் போயிருந்தது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நிலத் தகராறுக்கு வருவோம்.

காரெட் குடும்பத்துக்கு பியர் கேன்யன் என்ற இடத்தில் இன்னொரு மேய்ச்சல் நிலமும் இருந்தது. 1907-ல் காரெட்டின் மகன் போ அதை 5 வருடக் குத்தகைக்கு விட்டான். குத்தகை எடுத்தவர் வேய்ன் பிரேசல். சின்ன வயதிலிருந்தே காக்ஸ் பண்ணையில் வேலை பார்த்தவர். கூட்டாளி, காக்ஸின் மைத்துனர் பிரிண்ட் ரோட்.

மாடு வரும் என்று காரெட் எதிர்பார்த்தார். வந்தது வெள்ளாடு! மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கு வெள்ளாடு என்றாலே ஆகாது. புல்லை வேரோடு மேய்ந்துவிடும், அப்புறம் அந்த நிலத்தில் மாடு நிற்காது என்பது அவர்கள் எண்ணம். காரெட் கொதித்துப் போனார். கோர்ட்டுக்குப் போய்ப் பார்த்தார், குத்தகை அசையவில்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதவில்லை என்பதைக் கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டும் என்று எங்கள் பிசினஸ் லா சார் சொல்வதன் அர்த்தம் எனக்கு இங்கேதான் புரிந்தது.

அந்த நேரத்தில் ஒருவர் வந்து சேர்கிறார். பெயர் ஜிம் மில்லர். குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார், சர்ச்சுக்கு ஒழுங்காகப் போவார். தொழில், காசு வாங்கிக்கொண்டு கொலை செய்வது என்று பரவலாகப் பேச்சு. மெக்சிகோவிலிருந்து மாடு வாங்கி வரப்போகிறேன், மேய்க்க உங்கள் நிலம் வேண்டும் என்றார். காரெட்டுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. ஆனால் குத்தகை பிரேசலிடம் இருக்கிறதே? 1,200 ஆடுகளுக்கும் ஆள் கிடைத்தால் குத்தகையை விட்டுத்தருகிறேன் என்றார் பிரேசல். மில்லரின் உறவினர் கார்ல் ஆடம்சன் ஆடுகளை வாங்க ஒப்புக்கொண்டார். எல்லாம் கூடி வந்த நேரத்தில் பிரேசல், எண்ணிக்கை தப்பு, ஆடு 1,200 இல்லை, 1,800 என்றார். அத்தனை ஆடு எனக்கு வேண்டாம் என்றார் ஆடம்சன். பேசித் தீர்க்க லாஸ் குரூசஸ் ஊரில் கூடுவதாக ஏற்பாடு.

1908 பிப்ரவரி 29. காரெட்டும் ஆடம்சனும் குதிரை வண்டியில் கிளம்பினார்கள். வழியில் பிரேசல் குதிரையில் வந்து சேர்ந்துகொண்டார். ஆடு பற்றிய வாக்குவாதம் முற்றியது. சிறுநீர் கழிக்க வண்டியை நிறுத்தினார் ஆடம்சன். காரெட்டும் இறங்கினார். இரண்டு குண்டுகள். ஒன்று தலையில், ஒன்று வயிற்றில். 57 வயதில் நடுரோட்டில் முடிந்துபோனது கதை.

பிரேசல் ஓடவில்லை. நேராக ஊருக்கு வந்து துணை ஷெரீப்பிடம் சரணடைந்தார். காரெட் துப்பாக்கியை எடுக்கப் போனார், தற்காப்புக்காகச் சுட்டேன் என்றார். நேரில் பார்த்த ஒரே சாட்சியான ஆடம்சனும் அவர் பக்கம்தான் பேசினார்.

ஆனால் உடலைப் பரிசோதித்த டாக்டர் ஃபீல்ட் பார்த்தது வேறு. தலையில் பாய்ந்த குண்டு பின்புறமாக நுழைந்திருந்தது. இடது கையில் கையுறை இல்லை, கால்சட்டைப் பொத்தான்கள் திறந்திருந்தன. அதாவது, முதுகைக் காட்டிச் சிறுநீர் கழித்துக்கொண்டிருந்த ஆளைப் பின்னாலிருந்து சுட்டிருக்கிறார்கள். இதில் தற்காப்பு எங்கே வருகிறது?

இப்போதுதான் ஜாமீன் வருகிறது. பிரேசலுக்கு ஜாமீன் தொகை 10,000 டாலர் என்று முடிவானது. அன்றைக்கு ஒரு பண்ணைத் தொழிலாளி வாழ்நாளில் பார்க்க முடியாத பணம். அதற்குப் பிணை நிற்க ஆள் சேர்த்து முன்னால் வந்தவர் யார் தெரியுமா? அதே டபிள்யூ. டபிள்யூ. காக்ஸ். செத்தவருக்குக் கடன் கொடுத்தவர், தண்ணீர் வசதி உள்ள அந்த நிலத்தின் மேல் கண் வைத்திருந்தவர் என்று ஊர் பேசிய ஆள். பிரேசல் வெளியே வந்தார். விசாரணை தொடங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை வெளியேதான் இருந்தார்.

நம்ம ஊரில் கூட்டுச் சதி என்றால் அதற்குத் தனிப் பிரிவே உண்டு. 1913-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 120-பி-யைச் சேர்த்தார்கள். கையால் சுட்டவர் மட்டும் அல்ல, உட்கார்ந்து திட்டம் போட்டவரும் குற்றவாளி. காரெட் வழக்கில் சதி என்று பலரும் பேசினார்கள். காக்ஸ் வீட்டில் கூடிப் பேசினார்கள், மில்லர்தான் மறைந்திருந்து சுட்டார், பிரேசல் பழியை மட்டும் ஏற்றுக்கொண்டார், இல்லை ரோட்தான் சுட்டார் என்று ஆளுக்கொரு கதை. பிரதேச அட்டர்னி ஜெனரல் ஹெர்வியும், குதிரைப்படை போலீஸ் கேப்டன் ஃபோர்னாஃப்பும் இடத்துக்கே போய்ப் பார்த்தார்கள். அங்கே ஒரு வின்செஸ்டர் துப்பாக்கியின் தோட்டா உறை கிடைத்தது. மேற்கொண்டு துப்பறியப் பணம் இல்லை என்று விசாரணை அப்படியே நின்றது. சதிக்காக ஒருவர் மேலும் வழக்கு வரவில்லை.

அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். காரெட்டின் வரலாற்றை விரிவாக எழுதிய லியான் மெட்ஸ் போன்றவர்கள், சதியும் இல்லை ஒன்றும் இல்லை, கோபத்தில் பிரேசலே சுட்டார் என்றுதான் முடிவு செய்கிறார்கள். காக்ஸ் பிணை நின்றதும் அதுவாகவே சதிக்கு ஆதாரம் ஆகாது. நம்மிடம் வேலை பார்க்கும் பையன் ஜெயிலில் இருந்தால் முதலாளி ஜாமீன் எடுப்பது எந்த ஊரிலும் நடப்பதுதானே?

நான் முதலில் நினைத்தது, ஜாமீன் கொடுத்ததே தப்பு என்று. மறுபடி யோசித்தால் அப்படித் தோன்றவில்லை. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் பழைய விதி ஒன்று உண்டு. மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்து, ஆதாரம் அப்பட்டமாகவும் இருந்தால் ஒழிய ஜாமீன் மறுக்கக் கூடாது. மாநிலமான பிறகு நியூ மெக்சிகோவின் அரசியல் சட்டத்திலும் இதை எழுதி வைத்தார்கள். நம் கோர்ட்டுகளும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கின்றன. குற்றம் எவ்வளவு கடுமையானது? ஆதாரம் என்ன? ஆள் ஓடிவிடுவாரா? சாட்சியைக் கலைப்பாரா? பிரேசல் தானாக வந்து சரணடைந்தவர், ஓடவில்லை. ஒரே சாட்சியும் அவருக்குச் சாதகம். எந்த நீதிபதியும் ஜாமீன் கொடுத்திருப்பார்.

தப்பு அதற்குப் பிறகு நடந்தது. அந்த ஒரு வருடத்தில் யாரும் ஒன்றும் செய்யவில்லை. 1909-ல் வழக்கு வந்தபோது ஆடம்சனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவே இல்லை. கொலையைப் பார்த்த ஒரே ஆள்! பிரேசல் தரப்பு வக்கீல் ஆல்பர்ட் ஃபால். ஜூரி உள்ளே போய்ச் சுமார் 15 நிமிடத்தில் திரும்பி வந்தது. குற்றவாளி இல்லை.

(இந்த ஃபால் பின்னாளில் அமெரிக்க உள்துறை அமைச்சர் ஆனார். டீபாட் டோம் எண்ணெய் ஊழலில் லஞ்சம் வாங்கியதாக 1929-ல் தண்டனை பெற்று ஜெயிலுக்கும் போனார்.)

மில்லர் என்ன ஆனார்? அதே 1909-ல் ஓக்லஹோமாவின் ஏடா என்ற ஊரில் காசு வாங்கிக்கொண்டு பாபிட் என்ற பண்ணைக்காரரைக் கொன்றதாகக் கைதானார். ஏவிவிட்டதாக இன்னும் மூன்று பேர் உள்ளே. வக்கீல் வந்து எப்படியும் வெளியே எடுத்துவிடுவார் என்று ஊர்க்காரர்கள் பயந்தார்கள். ஏப்ரல் 19 அன்று கும்பலாகப் போய் நான்கு பேரையும் ஜெயிலிலிருந்து இழுத்து வந்து, பக்கத்துக் குதிரைக் கொட்டகையில் தூக்கில் தொங்கவிட்டார்கள். காரெட்டைப் பற்றி மில்லருக்கு ஏதாவது தெரிந்திருந்தால் அதுவும் அவரோடு போயிற்று. சட்டம் வேலை செய்யாது என்று ஜனங்கள் முடிவு கட்டிவிட்டால் அடுத்து வருவது இதுதான்.

பி.காம். முதல் வருடத்தில் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 126 என்று ஒன்று மனப்பாடம் செய்தோம், ஞாபகம் இருக்கிறதா? கடனாளி, கடன் கொடுத்தவர், நடுவில் பிணை நிற்பவர். ஜாமீனும் கிட்டத்தட்ட அதே முக்கோணம்தான். பிணையாளி இல்லாதவன் கதி என்ன? அதற்கும் நம் ஊரில் பதில் இருக்கிறது. 1978-ல் மோதி ராம் எதிர் மத்தியப் பிரதேச அரசு என்ற வழக்கு. ஒரு கொத்தனாருக்கு 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார் மாஜிஸ்திரேட். அண்ணன் தம்பி பிணை நிற்க வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்றும் சொல்லிவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்து, 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பத்திரத்தில் விடச் சொன்னார்.

இரண்டு இடத்திலும் அதே 10,000. பிரேசலுக்குப் பின்னால் பண்ணைக்காரர் இருந்தார். கொத்தனாருக்குப் பின்னால் கொத்தனார் மட்டும்தான்.

நம்ம பக்கத்தில் ஒருவர் ஜாமீனில் வந்தால், கேஸ் முடிஞ்சுது என்று டீக்கடையிலேயே தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். செத்தவர் வீட்டிலும் அப்படியே நினைத்து ஓய்ந்துவிடுவார்கள். ஜாமீன் என்பது விடுதலை இல்லை. வழக்கு நடக்கும்போது வந்து நிற்பேன் என்று கொடுக்கும் வாக்கு மட்டும்தான். அந்த வாக்கைப் பிரேசல் காப்பாற்றினார், சொன்ன தேதிக்கு வந்து நின்றார். வராமல் போனது ஒழுங்கான விசாரணைதான்.

கடைசியாக ஒன்று. அத்தனை பேர் அடித்துக்கொண்ட அந்த சான் ஆண்ட்ரெஸ் மலைத்தொடரின் பெரும்பகுதி இன்றைக்கு யாருக்கும் மேய்ச்சல் நிலம் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கி, வொயிட் சாண்ட்ஸ் ஏவுகணைச் சோதனைத் தளத்துக்காக அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இப்போது அங்கே ஆடும் இல்லை, மாடும் இல்லை.