இரண்டாம் முறை எழுதும் பரீட்சை

ஒரு முறை எழுதிய பரீட்சையை மறுபடியும் எழுதுவதற்கென நாட்களை வகுத்து, குறிப்பேடு தைத்து, உத்தியோகத்துக்கும் உறக்கத்துக்கும் இடையே நேரத்தை ஒதுக்கிக்கொண்டு உழைக்கும் இளைஞர்களை இன்று கோயமுத்தூரின் பீளமேட்டிலும் சரவணம்பட்டியிலும் சாதாரணமாகக் காணலாம் என்றாலும், கொங்கு நாட்டில் அந்த வழக்கத்துக்கு நெடுங்கால வரலாறு உண்டென்று சொல்வதற்கில்லை. 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முதலானோர் தொடங்கிய நூற்பாலையும், 1932-ல் பைக்காராவிலிருந்து வந்த மின்சாரத்தின் துணையால் அடுத்தடுத்து எழுந்த ஆலைகளும் கோயமுத்தூரை வளர்த்த காலத்தில், பஞ்சின் தரத்தைக் கைவிரலால் அறிந்து, கொள்முதல் விலையை மனக்கணக்கில் போட்டு, பேரேட்டைத் தானே எழுதத் தெரிந்தவனுக்குப் பரீட்சை என்பது பிறருடைய விவகாரமாகவே இருந்தது. தோற்றவன் தோட்டத்துக்கோ கிட்டங்கிக்கோ திரும்பினான், அத்துடன் அந்த அத்தியாயம் முடிந்தது.

பரீட்சையையே வாழ்க்கையின் வாயிற்படியாகக் கொண்டவர்கள் சர்க்கார் உத்தியோகத்தை நாடிய குடும்பத்தினர். 1857-ல் சென்னை சர்வகலாசாலை தோன்றியபின், மெட்ரிகுலேஷன், எப்.ஏ., பி.ஏ. என்று படிப்படியாக அமைந்த அந்த ஏணியில் ஒரு படி சறுக்கினாலும் ஆண்டு முழுவதும் காத்திருந்து மீண்டும் ஏறவேண்டும். ஒரு பாடத்தில் குறைந்தால் மற்றப் பாடங்களில் பெற்ற சிறப்பு காப்பாற்றாது. இந்த விதியின் கொடுமைக்கு ஈரோட்டில் 1887-ல் பிறந்த ஸ்ரீனிவாச ராமானுஜனைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. கணிதத்தில் ஆசிரியர்களையே திகைக்கவைத்த அவர், உடலியல் முதலிய பாடங்களில் மனம் செல்லாததால் எப்.ஏ. பரீட்சையில் தோற்று, மறு வருஷம், 1907-ல், தனித் தேர்வராக எழுதியும் தோற்றார். இரண்டாம் முறை எழுதுவதற்கு முன் எந்தப் பாடத்தில் எவ்வளவு குறைந்தது என்று எண்ணிப் பார்த்து, அந்தக் குறையை மட்டும் நிரப்பும் யோசனை அவருக்கோ அக்கால மாணவர்களில் பெரும்பாலோருக்கோ இருந்ததாகத் தெரியவில்லை. மறுபரீட்சை என்றால் அதே புத்தகங்களை அதே வரிசையில் மறுபடி வாசிப்பது என்பதே பொதுவான அபிப்பிராயம்.

பரீட்சையின் மேல் அவநம்பிக்கை கொள்வதிலும் கோயமுத்தூருக்குத் தனிப் பெருமை உண்டு. பள்ளிப் படிப்பைத் தொடராமல், 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டித் தொழிலைத் தொடங்கிய ஜி.டி. நாயுடு, 1945-ல் சென்னை கவர்னர் சர் ஆர்தர் ஹோப் பெயரால் அமைந்த தொழில்நுட்பக் கல்லூரிக்குக் காரணகர்த்தாவாக இருந்தபோதும், நீண்ட பாடத்திட்டத்தைக் குறுகிய காலத்திலேயே கற்பித்துவிடலாம் என்ற தம் கொள்கையைச் சர்க்கார் ஏற்காததால் அதிலிருந்து விலகினார். அவர் காலத்திலேயே, பீளமேட்டுப் பெருந்தனக்காரரான பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் புதல்வர் நால்வரும் 1926-ல் குடும்பச் சொத்தை ஐந்து பாகமாக்கி ஐந்தாவதைத் தர்மத்துக்கு ஒதுக்கியதன் பயனாகத் தழைத்த ஸ்தாபனம், 1947-ல் கலைக் கல்லூரியையும் 1951-ல் தொழில்நுட்பக் கல்லூரியையும் நிறுவி, பட்டத்தின்பால் பொதுமக்களுக்கு ஏற்பட்ட ஆவலுக்கு இடம் கொடுத்தது. 1970-களில் அதே வளாகத்தில் நிர்வாக இயல் பட்டப் படிப்பும் நடைபெறலாயிற்று. ஆலை முதலாளியின் மகன் தந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுவந்த வியாபாரத்தை வகுப்பறையில் கற்க முன்வந்ததும், அதைக் கற்க இடம் தேடியவர் தொகை பெருகியதும், நுழைவுப் பரீட்சைக்கு இந்த மண்ணில் வேர் பிடிக்கப் போதுமானதாயின.

இதற்கிடையே பள்ளி மாணவர் உலகில் மறுபரீட்சை வேறு வடிவம் கொண்டது. எஸ்.எஸ்.எல்.சி.யில் தவறியவர்கள் செப்டம்பர் பரீட்சைக்குப் பணம் கட்டி, ஊர்தோறும் மாடிகளில் இயங்கிய டுடோரியல் காலேஜ்களில் சேர்ந்தார்கள். பெற்றோர் அதை உறவினரிடம் சொல்லக் கூசினார்கள். 1978-ல் பிளஸ் டூ வந்து, 1984-ல் தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத் தேர்வும் ஏற்பட்டபின், தேர்ச்சி பெற்றவனே மதிப்பெண் போதாது என்று மறுபடி எழுதும் ‘இம்ப்ரூவ்மெண்ட்’ என்னும் புது வழக்கம் பரவியது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு ஆகிய ஊர்களின் விடுதிப் பள்ளிகள் தமிழகம் எங்குமிருந்து மாணவரை ஈர்த்து, பரீட்சைக்கு ஆயத்தம் செய்வதையே ஒரு தொழிலாக்கிய காலம் அது. நுழைவுத் தேர்வு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. ஆயினும் அந்த ஊர்களுக்குக் கைவந்த வித்தை ஒழியவில்லை, இன்று நீட் தேர்வுக்கு ‘ரிப்பீட்டர்ஸ் பேட்ச்’ என்று விளம்பரப் பலகை வைத்திருக்கிறது. வெட்கத்துக்குரியதாக இருந்த செயல் கௌரவமான ஏற்பாடாக மாறிய விதம் இதுதான்.

ஆனால் இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுத் தன்மை உண்டு: எப்போது மறுபடி எழுதுவது என்பதை மாணவன் தீர்மானிக்கவில்லை, ஸ்தாபனத்தின் நாட்காட்டியே தீர்மானித்தது. இந்திய நிர்வாகக் கழகங்களுக்கான கேட் பரீட்சையும் ஆண்டுக்கு ஒரு முறைதான். நிர்வாகப் படிப்புக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட்டும் அவ்வாறே. 2003 நவம்பரில் நடந்த கேட் பரீட்சையின் வினாத்தாள் முன்கூட்டியே வெளியானதால் அது ரத்தாகி, 2004 பிப்ரவரியில் மறுபடி நடந்தபோது, தேசம் முழுவதும் எழுதியவர்கள் தம் விருப்பமின்றியே மறுபரீட்சை எழுத நேர்ந்தது.

நிர்வாகப் படிப்புக்கென அமெரிக்காவில் பிறந்த ஜிமேட் என்னும் பரீட்சையே இந்த வழக்கத்தை மாற்றியது. சில வியாபாரக் கல்லூரிகள் ஒன்றுகூடி 1953-ல் திட்டமிட்டு 1954-ல் வேறு பெயரில் தொடங்கிய அது, 1976-ல் இப்போதைய பெயரைப் பெற்று, 1997-ல் கணினிக்கு மாறி, ஒவ்வொரு விடைக்கும் ஏற்ப அடுத்த வினாவின் கடுமையைக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கும் முறையைக் கைக்கொண்டது. ஆண்டு முழுவதும் ஏதாவதொரு நாளில் எழுதலாம். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையே 16 நாட்கள் கழியவேண்டும், தொடர்ந்த 12 மாதங்களில் 5 முறைக்கு மேல் எழுதலாகாது என்பவை விதி. 2023-ல் வந்த புதிய வடிவத்தில், 45 நிமிஷம் கொண்ட மூன்று பகுதிகளில் 64 வினாக்கள். மதிப்பெண் 205 முதல் 805 வரை. பெற்ற மதிப்பெண்ணைப் பார்த்தபின்பே கல்லூரிக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்யும் உரிமையும் தேர்வருக்குக் கிடைத்தது. நாட்காட்டியின் அதிகாரம் நீங்கிய இடத்தில் கணக்கின் அதிகாரம் வந்து அமர்ந்தது. இனிமேல் இரண்டாம் முயற்சி என்பது காத்திருப்பதன்று, வகுத்துச் செய்வது.

வியாபாரி நஷ்டம் வந்த மாதத்தில் பேரேட்டைப் புரட்டி எந்த இனத்தில் பணம் போயிற்று என்று பார்ப்பதைப்போல, இந்தப் பரீட்சைக்குத் திரும்புகிறவன் முதலில் செய்யவேண்டியது தன் தவறுகளைப் பிரிப்பதாகும். தெரியாமல் விட்டது, தெரிந்தும் வாசிக்கத் தவறியது, நேரம் போதாமல் குருட்டாம்போக்கில் குறித்தது என மூன்று பத்தி போதும். உதாரணமாக, இரண்டு மோட்டார்கள் சேர்ந்து ஒரு தொட்டியை நிரப்ப எத்தனை மணி நேரமாகும் என்று வினா கேட்டு, முதல் மோட்டார் தனியே 6 மணி நேரத்தில் நிரப்பும் என்று ஒரு வாக்கியமும், இரண்டாவதற்கு முதலாவதைப்போல் இரு மடங்கு நேரமாகும் என்று மற்றொரு வாக்கியமும் தந்து, விடை காண எது போதும் என்று வினவுவார்கள். இரண்டும் சேர்ந்தால் போதும், தனித்தனியே போதாது. சேர்த்துக் கணக்கிட்டால் 4 மணி நேரம். ஆனால் இரண்டாவது வாக்கியத்தைத் தனியாக எடைபோடும்போதும் முதல் வாக்கியத்தின் 6 மனத்தில் ஒட்டிக்கொண்டிருக்க, அதுவே போதும் என்று குறித்துவிடுவோர் பலர். இந்தத் தவறைக் கணித அறியாமை என்று முதல் பத்தியில் எழுதியவன் ஒரு வாரம் விகிதக் கணக்குகளைப் போட்டு வீணாக்குவான். வாசிப்பின் குற்றம் என்று இரண்டாம் பத்தியில் எழுதியவன், ஒவ்வொரு வாக்கியத்தையும் மற்றதைக் கையால் மறைத்துக்கொண்டு பார்க்கப் பழகுவான்.

தவறுகளைப் பிரித்தபின்பே நாட்களை வகுக்கவேண்டும். கல்லூரிகளில் முதற் சுற்று விண்ணப்பம் பெரும்பாலும் செப்டம்பரிலும் இரண்டாம் சுற்று ஜனவரியிலும் முடிவதால், அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, மூன்றாம் முறையும் எழுத நேர்ந்தால் அதற்கு 16 நாள் மிச்சமிருக்கும்படி தேதி குறிப்பது விவேகம். உத்தியோகத்தில் இருப்பவர்கள் நாள்தோறும் நாலு மணி நேரம் படிப்பேன் என்று சங்கல்பம் செய்து பத்தாம் நாள் கைவிடுவதைவிட, விடியற்காலையில் ஒன்றரை மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு முழு மாதிரித் தேர்வும் என்று வகுத்து நிலைநிறுத்துவதே பயன் தரும். அந்த மாதிரித் தேர்வையும் உண்மைப் பரீட்சை நடக்கவிருக்கும் அதே நேரத்தில் எழுதவேண்டும். தொடர்ந்து எழுதிய மாதிரித் தேர்வுகளில் முன்னைய மதிப்பெண்ணைத் தெளிவாகக் கடக்காதவன் பணம் கட்டக் கூடாது. மறுபடி எழுதாமலிருக்கத் தீர்மானிப்பதும் திட்டத்தின் ஒரு பகுதியே. சேர விரும்பும் கல்லூரிக்கு முன்னைய மதிப்பெண்ணே போதுமாயின், எஞ்சிய மாதங்களை விண்ணப்பக் கட்டுரைக்கும் தொழில் அனுபவத்துக்கும் செலவிடுவது லாபம்.

இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு என்பதையும் சொல்லாமல் விடலாகாது. செப்டம்பர் பரீட்சைக்குக் காத்திருந்த காலத்தில் தோல்வியுற்ற ஏழையும் செல்வனும் ஒரே தேதிக்காகக் காத்திருந்தார்கள். இன்று டாலரில் கட்டணம் செலுத்தி, அடுத்த முறைக்கும் அதே தொகையை எடுத்துவைக்கக்கூடியவனுக்கே நாட்காட்டியிலிருந்து விடுதலை கிடைத்திருக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனிக் கூலியின் மகன் முதல் முறை எழுதுவதற்கே கடன் வாங்கவேண்டியிருக்க, இரண்டாம் முறைக்கு வழி ஏது? சொத்தை ஐந்து பாகமாக்கிக் கல்விக்கு ஒரு பாகம் வைக்கத் தெரிந்த மண் இது. உபகாரச் சம்பளம் என்பதை அனுமதி கிடைத்தபின் தரும் பரிசாக மட்டும் கருதாமல், தகுதியுள்ளவனின் மறுபரீட்சைக் கட்டணத்தையும் அதில் சேர்ப்பதற்கு இங்குள்ள தர்ம ஸ்தாபனங்கள் முன்வருமானால், இரண்டாம் முயற்சி என்னும் உரிமை பணப்பை உள்ளவனுக்கு மாத்திரம் உரியதாக இராது.