அழுத்தம் குறைந்தால் அனல் தணியும்

சித்திரை மாதத்து நண்பகல். பெசன்ட் நகரில் கடற்காற்று இன்னும் கரையேறவில்லை. இத்தகைய வேளையில் மடிக்கணினிக்குக் கடினமான வேலை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். சில நிமிடங்களில் அதன் அடிப்பாகம் சுடும். உள்ளே இருக்கும் சிறு விசிறி இரையத் தொடங்கும். விசிறி செய்வதெல்லாம் பிறந்த வெப்பத்தை வெளியே தள்ளுவதுதான். வெப்பம் பிறக்கும் இடத்திலேயே அதைக் குறைக்க இயலாதா? இக்கேள்விக்கு விடை கண்டவர்களுள் ஒருவர் இதே சென்னையில் பிறந்தவர்.

முதலில் வெப்பம் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். நுண்செயலியில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் உள்ளன. அவை மாறி மாறி இயங்கும்போது மிக நுண்ணிய மின்தேக்கிகள் நிரம்பிக் காலியாகின்றன. ஒரு தொட்டியின் நீர்மட்டத்தை இருமடங்காக்க வேண்டுமானால் நீரும் இருமடங்கு வேண்டும். அதை ஏற்றும் உயரமும் இருமடங்காகும். ஆகவே உழைப்பு நான்கு மடங்கு. மின்னழுத்தமும் அப்படியே. அது பாதியானால் செலவாகும் ஆற்றல் கால் பங்காகக் குறையும். வேகத்தைப் பாதியாக்கினால் மின்திறன் பாதிதான் குறையும். மின்னழுத்தத்தின் சிறப்பு இதிலிருந்து விளங்கும்.

டிரான்சிஸ்டரின் அளவு சிறுக்கச் சிறுக்க மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைக்கலாம் என்று 1974இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த இராபர்ட் டென்னார்டும் அவருடைய குழுவினரும் காட்டினர். ஆயினும் தொழில்துறை 5 வோல்ட்டை எளிதில் கைவிடவில்லை. பல்வேறு சில்லுகள் ஒன்றோடொன்று இணைந்து இயங்கப் பொதுவான அளவு ஒன்று தேவைப்பட்டது. 1976இல் வந்த இன்டெல் 8085க்கும் 5 வோல்ட். 1993இல் வந்த முதல் பென்டியத்துக்கும் 5 வோல்ட்! மறு ஆண்டில்தான் பென்டியம் 3.3 வோல்ட்டுக்கு இறங்கியது.

மின்னழுத்தத்தைக் குறைப்பதில் ஒரு சங்கடம் உண்டு. டிரான்சிஸ்டர்கள் மெதுவாகிவிடும். இதற்கு வழி கண்டவர்களுள் முக்கியமானவர் அனந்த சந்திரகாசன். சென்னையில் பிறந்து, பள்ளிப் பருவத்தில் அமெரிக்கா சென்ற அவர், பெர்க்லியில் ஆய்வு மாணவராக இருந்தபோது, 1992இல் சாமுவேல் ஷெங், இராபர்ட் பிராடர்சன் ஆகியோருடன் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். கருத்து எளியது: ஒரு தொழிலாளியை ஓட ஓட விரட்டாமல், இருவரை நிதானமாக வேலை செய்ய விடுவது. ஒரே கணிப்புச் சுற்றை இரண்டாக அமைத்து, ஒவ்வொன்றையும் பாதி வேகத்தில் ஓட்டினால் 5 வோல்ட்டுக்குப் பதில் 2.9 வோல்ட் போதும். மொத்த வேலை குறையவில்லை. மின்திறனோ பழைய அளவில் 36 விழுக்காடாகியது. விலை, சில்லில் மூன்று மடங்குக்கும் மேலான இடம். 1994இல் இக்குழுவினர் 1.1 வோல்ட்டில் இயங்கும் கையடக்கக் கருவிக்கான சில்லுத் தொகுதியையும் செய்து காட்டினர். அதே ஆண்டு எம்.ஐ.டி.யில் சேர்ந்த சந்திரகாசன், 2025இல் அதன் தலைமைக் கல்வி அதிகாரியானார்.

2000ஆம் ஆண்டில் மடிக்கணினிச் செயலிகள், வேலைக்கேற்ப மின்னழுத்தத்தைத் தாமே ஏற்றியிறக்கத் தொடங்கின. எனினும் தயாரிப்பாளர்கள், தங்கள் சில்லுகளுள் மிகப் பலவீனமானதும் தவறாமல் இயங்கும்படி சற்று மிகுதியாகவே மின்னழுத்தம் வைப்பர். அந்த மிகுதியைக் கழித்துக்கொள்வதே பயனர்கள் செய்யும் ‘அண்டர்வோல்டிங்’. 1 வோல்ட்டை 0.9 ஆக்கினால், இந்த இயக்கச் செலவில் 19 விழுக்காடு மிச்சம். வெப்பம் தணியும்; விசிறி அடங்கும். அளவு மீறிக் குறைத்தாலோ கணக்கில் பிழை நேரும்; கணினி திடீரென நின்றும் போகும்.

இப்பிழைகளையே கருவியாக்கி, செயலியில் பூட்டி வைத்த இரகசியத் தகவல்களைக் கவரலாம் என்று 2019இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் காட்டினர். அதன் பின் பல மடிக்கணினிகளில் இந்த வசதி பூட்டப்பட்டது. மின்னழுத்தத்தை முடிவின்றிக் குறைக்கவும் இயலாது. ஓர் எல்லைக்குக் கீழே, மூடிய டிரான்சிஸ்டரும் சொட்டும் குழாயைப் போல மின்னோட்டத்தைக் கசிய விடும். 2005ஆம் ஆண்டு வாக்கில் டென்னார்டு காட்டிய பாதை இங்குதான் தடைப்பட்டது. இன்றைய செயலிகள் பெரும்பாலும் 1 வோல்ட்டை ஒட்டியே நிற்கின்றன.

ஆகவே, அடுத்த முறை விசிறி இரையும்போது மாணவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். அது வெறும் ஓசையன்று. தீராத ஒரு கணக்கின் மீதி. அதைத் தீர்க்க இன்னும் ஆட்கள் வேண்டும்.