பத்திரம் எரிந்தாலும் இலக்கம் மிஞ்சும்: பழைய குரோனோகிராப் மணிக்கூட்டின் பெறுமதியை அறிவது எப்படி?

1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகளை விட்டு ஓடியவர்களுக்கு எதையும் எடுத்து வைக்க நேரம் இருக்கவில்லை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கலியாணப் படங்கள் என்று அலுமாரியில் இருந்தவை வீட்டோடு எரிந்தன. கையில் கட்டியிருந்த மணிக்கூடு மட்டும் சிலருக்கு மிஞ்சியது.

அத்தகைய சுவிஸ் மணிக்கூடு ஒன்றை இன்று விற்கப் போனால், முதலில் கேட்கப்படுவது பெட்டியும் உத்தரவாதப் பத்திரமும்தான். இல்லை என்றதும் விலை குறைத்துப் பேசப்படும். பேரத்துக்குத் தலையாட்டும் முன் சில விடயங்களை அறிந்திருப்பது நல்லது.

குரோனோகிராப் என்பது என்ன?

நேரம் காட்டுவதோடு, ஓட்டப் பந்தயத்தில் பிடிப்பது போல வினாடிக் கணக்கும் எடுக்கக்கூடிய கைமணிக்கூடு இது. பக்கத்தில் இரண்டு பொத்தான்களும் முகப்பில் சிறு வட்டங்களும் இருக்கும். 1969இல்தான் தானியங்கி குரோனோகிராப்கள் வந்தன. அதற்கு முந்தியவை கையால் சாவி கொடுப்பவை. 1957இல் வெளிவந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், 1963இல் வந்த ரோலெக்ஸ் டேடோனா ஆகியவற்றின் பழைய வகைகளைச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள்.

இலக்கம் பேசும்

பல சுவிஸ் மணிக்கூடுகளின் உள் இயந்திரத்தில் தொடர் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். லொஞ்சின் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே அந்த இலக்கங்களைப் பேரேடுகளில் பதிந்து, சென்ற்-இமியே நகரில் பாதுகாத்து வருகிறது. இலக்கத்தையும் படங்களையும் அனுப்பி விசாரித்தால், அது எந்த வகை, எந்தத் திகதியில், எந்த நாட்டு முகவருக்கு அனுப்பப்பட்டது என்பதைப் பதிவில் உள்ளபடி அறியலாம். வேறு சில நிறுவனங்களும் கட்டணத்துக்கு இத்தகைய ஆவணம் தருகின்றன. எரிந்த பத்திரத்துக்கு இது ஓரளவு ஈடாகும்.

பத்திரம் இருப்பதாலேயே எல்லாம் சரியாகிவிடுவதுமில்லை. 2021இல் ஜெனீவாவில் 30 இலட்சம் சுவிஸ் பிராங்கிற்கு மேல் ஏலம்போன ஒரு ஸ்பீட்மாஸ்டர், பல மணிக்கூடுகளின் பாகங்களைச் சேர்த்து உருவாக்கப்பட்டது என்று 2023இல் ஒமேகா நிறுவனமே அறிவித்தது.

செய்யக் கூடாதவை

கூட்டை மினுக்க வேண்டாம். மங்கிய முகப்புக்குப் புது வர்ணம் பூச வேண்டாம். அவை புதிதாகத் தெரியும். ஆனால் சேகரிப்பாளர் பார்ப்பது பழைய மேற்பரப்பு அப்படியே இருக்கிறதா என்பதைத்தான். திருத்தும்போது கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கி வைக்கவும். கூட்டில் 750 என்ற முத்திரை இருந்தால் அது 18 கரட் தங்கம். அதை உருக்கும் நிறைக்கு மட்டும் விலைபேசிச் செட்டியார் தெருவில் கொடுத்துவிட்டால், இயந்திரத்தின் பெறுமதி போய்விடும்.

பின்மூடியில் பெயரோ இளைப்பாறிய திகதியோ பொறித்திருந்தால் அழிக்க வேண்டாம். நடிகர் போல் நியூமனின் டேடோனா 2017இல் நியூயோர்க்கில் 1 கோடியே 77 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனது. அதன் பின்மூடியில் அவர் மனைவி பொறிப்பித்த வாசகம் இருந்தது. யார் கட்டியது என்பதே அந்த விலைக்குப் பெரிய காரணம்.

நமது அப்பாக்களின் மணிக்கூட்டுக்கு அந்த விலை வராது. ஆனால் அதை யார் கட்டினார், எந்த வீதியில் இருந்தார், எப்போது வெளியேறினார் என்பது சுவிஸ் பேரேட்டில் இல்லை. அதைச் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி, அவர் அதைக் கட்டியிருக்கும் படம் உறவினரிடம் இருந்தால் பிரதி எடுத்து, மணிக்கூட்டோடு சேர்த்து வையுங்கள். விற்றாலும் விற்காவிட்டாலும் அது தேவைப்படும்.