ஒரு கதவின் வரலாறு: பிட்டன்வீம் தெருக்களில் பெண்கள்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், ஃபைஃப் பகுதியில், கடலைப் பார்த்தபடி இருக்கிறது பிட்டன்வீம் என்னும் சிறிய மீன்பிடி ஊர். படிக்கட்டுபோல் ஏறி இறங்கும் முகட்டுச் சுவர்கள், சிவப்பு ஓட்டுக் கூரைகள், மேல்தெருவிலிருந்து துறைமுகத்துக்குச் சரிந்து இறங்கும் ஒடுங்கிய சந்துகள் என்று பார்க்கவே அழகான ஊர். கெல்லி பிரபுக்கள் தங்கிய நகர வீடு இன்றும் மேல்தெருவில் நிற்கிறது. பழைய ஊர்களின் கட்டட வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்படுகிறது: கட்டியவர் யார், குடியிருந்த பிரபு யார், புதுப்பித்தவர் யார். இந்தச் சுவர்களுக்குள் அடைபட்டவர்கள் யார் என்று கேட்டால் கதை மாறுகிறது.

மாதா கோயிலை ஒட்டி ஒரு கல் கோபுரம் நிற்கிறது. அதன் பெயர் டோல்பூத். அந்தக் காலத்து ஸ்காட்லாந்து ஊர்களில் வரி வசூலும் நகரசபையும் சிறையும் ஒரே இடத்தில் இயங்கிய கட்டடம் அது. 1704இல் பியாட்ரிக்ஸ் லெயிங் என்ற பெண் இங்கே அடைக்கப்பட்டார். தொடக்கம் மிகச் சாதாரணமானது. கொல்லுப்பட்டறையில் வேலை பழகிய பேட்ரிக் மார்ட்டன் என்ற 16 வயதுப் பையனிடம் அவர் ஆணி செய்து கேட்டார். அவன் மறுத்தான். அவர் முணுமுணுத்தபடி போய்விட்டார். பின்னர் அவன் நோயில் விழுந்தான். அவர் சூனியம் வைத்துவிட்டார் என்றான்.

பியாட்ரிக்ஸ் ஆதரவற்ற கிழவி அல்ல. ஊரின் முன்னாள் பொருளாளருடைய மனைவி. சூனியப் பழி ஏழைக் கிழவிகள் மீது மட்டுமே விழுந்தது என்ற நம் எண்ணத்தை இது திருத்துகிறது. கோபத்தை வெளியே காட்டிய பெண் என்பதே போதுமானதாக இருந்தது. அவரைத் தூங்கவிடாமல் வைத்தார்கள், உடம்பில் ஊசியால் குத்தினார்கள், வேறு பெண்களின் பெயர்களைச் சொல்ல வைத்தார்கள். சொன்னதை அவர் மறுத்தபோது மாதக்கணக்கில் இருட்டறையில் போட்டார்கள். கைதானவர்களில் தாமஸ் பிரவுன் என்ற ஆணும் உண்டு. அவர் சிறையிலேயே பட்டினியால் இறந்தார்.

ஜேனட் கார்ன்ஃபுட் சிறையிலிருந்து தப்பினார். பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1705 ஜனவரி 30 அன்று ஒரு கூட்டம் அவரை அடித்துத் துறைமுகத்துக்கு இழுத்துப் போனது. கப்பலுக்கும் கரைக்கும் இடையே கட்டிய கயிற்றில் தொங்கவிட்டுக் கல்லால் எறிந்தது. கடைசியில் ஒரு கதவை அவர் மேல் போட்டு, அதன் மேல் கற்களை அடுக்கி நசுக்கிக் கொன்றது. எந்த நீதிமன்றமும் அவருக்கு மரண தண்டனை விதித்திருக்கவில்லை. பையனின் குற்றச்சாட்டு பொய் என்று பிறகு தெரியவந்தது. ஆனாலும் இந்தக் கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

தெருவாழ்க்கை என்றால் சந்தை, மீன்கூடை, அண்டை வீட்டுப் பேச்சு என்று இனிமையாக நினைத்துக்கொள்கிறோம். அன்றைய கூட்டமும் அதே தெருவாழ்க்கைதான். அந்தக் கதவு ஏதோ ஒரு வீட்டு நிலையில் நின்ற கதவு. அந்தக் கயிறு படகு கட்டும் கயிறு. கொலைக்கென்று புதிதாக எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

ஸ்காட்லாந்தின் சூனியச் சட்டம் 1563 முதல் 1736 வரை நடப்பில் இருந்தது. எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வு 3,837 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டதாகக் கணக்கிடுகிறது. பாலினம் தெரிந்தவர்களில் சுமார் 84 விழுக்காட்டினர் பெண்கள். 2022 மார்ச் 8, மகளிர் தினத்தன்று, அன்றைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

இதே கரையில் பின்வந்த தலைமுறைப் பெண்கள் மட்டி பொறுக்கி, நூற்றுக்கணக்கான தூண்டில் முட்களில் இரை கோத்து ஆண்களைக் கடலுக்கு அனுப்பினார்கள். ஹெர்ரிங் மீன் பருவத்தில் மூவர் குழுக்களாக ஊர் ஊராகப் போய், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மீனைக் கீறிக் குடலெடுத்து உப்பிட்டார்கள். ஊரின் வருமானம் அந்தக் கைகளையும் நம்பித்தான் இருந்தது. பிரபுவின் வீட்டுக்குப் பெயர் நிலைத்தது. இரை கோத்த வாசற்படிகளுக்கு யார் பெயரும் இல்லை.

பழைய ஊர் ஒன்றில் நடக்கும்போது கட்டடங்களை ரசிப்பதில் தவறில்லை. கூடவே இரண்டு கேள்விகளையும் கேட்போம்: இங்கே பெண்களை அடைத்த அறை எது? அவர்கள் வேலை செய்த இடம் எது? பிட்டன்வீமில் இரண்டுக்கும் விடை உண்டு. கோபுரத்திலிருந்து துறைமுகத்துக்குச் சில நிமிட நடைதான்.