பாட்டியின் பை

யாத்திரை போகிறவனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவன் மூட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சரித்திரக்காரர்கள் எத்தனை மைல், எத்தனை நாள் என்று கணக்குப் போடுவார்கள். கதை எழுதுகிறவனுக்கு மூட்டையின் மேல்தான் கண்.

அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில், அப்பலாச்சிய மலைத்தொடரின் முதுகின் மேலேயே ஒரு நடைபாதை ஓடுகிறது. நீளம் 2,000 மைலுக்கு மேல். அதை ஒரே பயணமாக நடந்து முடித்தவர்களில் முதல்வர் என்று பெயர் பெற்றவர் எர்ல் ஷாபர். இரண்டாவது உலக யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய். யுத்தத்தை மனத்திலிருந்து நடந்தே கழித்துவிட வேண்டும் என்று 1948-ல் புறப்பட்டார்.

ஏழு வருஷம் கழித்து, 1955 மே 3-ம் தேதி, அதே பாதையின் தெற்கு முனையில், ஜார்ஜியாவின் ஓகல்தார்ப் மலையில், ஒரு பாட்டி வந்து நின்றாள். எம்மா கேட்வுட். வயது 67. பிள்ளைகள் பதினொன்று, பேரன் பேத்திகள் இருபத்து மூன்று. வீட்டில் அவள் சொன்னதெல்லாம், சற்று நடந்துவிட்டு வருகிறேன் என்பதுதான்!

தோளில் ஒரு பை. முரட்டு டெனிம் துணியில் தன் கையாலேயே தைத்தது. கலிபோர்னியாவில் டிக் கெல்டி என்பவர் 1952-லேயே அலுமினியச் சட்டம் வைத்த முதுகுப் பைகளைச் செய்து விற்க ஆரம்பித்திருந்தார். பாரத்தைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கும் நூதன ஏற்பாடு அது. பாட்டிக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. அவள் பையின் கனம் 20 ராத்தலைத் தாண்டியது அபூர்வம்.

உள்ளே என்ன? டப்பாவில் அடைத்த சிறு இறைச்சித் துண்டுகள், உலர்ந்த திராட்சை, வேர்க்கடலை, பால் பவுடர், சூப்புக் கட்டிகள். காயத்துக்கு ஐயோடின், சளிக்கு விக்ஸ். ஒரு பேனாக்கத்தி, டார்ச் விளக்கு, குறிப்பெழுதச் சின்ன நோட்டுப் புத்தகம். ஊருக்குள் போனால் மரியாதையாக உடுத்திக்கொள்ள ஒரு கவுன்! கூடாரம் கிடையாது; குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை ஒன்றுதான் மழைக்குக் கூரை. காலில் கான்வாஸ் ஜோடு. குளிர் அதிகமானால் தட்டைக் கற்களை நெருப்பில் சுடவைத்து அவற்றின் மேல் படுத்துக்கொள்வாள்.

பையில் வைக்காமல் வந்தது ஒன்று உண்டு. 1907-ல் அவளைக் கைப்பிடித்த கணவன் அவளை அடித்து நொறுக்கியவன். அடி தாங்காத நாட்களில் அவள் ஓடி ஒளிந்த இடம் காடு. 1941-ல் விவாகரத்துக் கிடைத்தது. வழியில் பத்திரிகைக்காரர்கள் மடக்கிக் கேட்டபோது தன்னை விதவை என்று சொல்லிக்கொண்டாள். அவன் அப்போது உயிரோடுதான் இருந்தான்.

பாட்டியின் பை இவ்வளவு லேசாக இருந்ததற்குத் துணிச்சல் மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. இருட்டுகிற நேரத்தில் பாதையை விட்டு இறங்கி, முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டுவாள். சிலர் சோறு போட்டுக் கட்டில் கொடுத்தார்கள். சிலர் சந்தேகத்தோடு பார்த்துக் கதவைச் சாத்தினார்கள். அன்றைக்குச் சருகுப் படுக்கை. அந்த ஆகஸ்டில் கானி, டயான் என்ற இரண்டு புயல்கள் அடுத்தடுத்து அடித்தன. ஆறுகள் புரண்டன. வெர்மான்டில் கடற்படை வாலிபர்கள் இருவர் அவளைக் கயிற்றால் தங்கள் நடுவில் பிணைத்துக்கொண்டு வெள்ளத்தைத் தாண்ட வைத்தார்கள். அவள் எடுத்து வராத சுமையை வழிநெடுகப் பிறத்தியார் சுமந்தார்கள் என்பதுதான் உண்மை.

நம் பக்கத்து யாத்திரையும் இப்படித்தானே நடந்தது? தஞ்சை மராட்டிய அரசர்கள் ராமேசுவரம் போகும் வழியில் சத்திரங்கள் கட்டிவைத்தார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் 1802-ல் சரபோஜி கட்டியது. அரிசியும் பருப்பும் சத்திரத்தில் இருந்தன. யாத்ரீகன் வேட்டி துண்டோடு நடந்தான். சத்திரம் இல்லாத தேசத்தில் கேட்வுட் பாட்டி வீட்டுத் திண்ணைகளையே சத்திரம் ஆக்கிக்கொண்டாள்.

146 நாள் நடந்து, செப்டம்பர் 25-ம் தேதி மேய்ன் மாகாணத்துக் கட்டாடின் சிகரத்தை அடைந்தாள். அந்தப் பாதை முழுவதையும் ஒரே பருவத்தில் தன்னந்தனியாக நடந்து முடித்த முதல் பெண் அவள். 1957-ல் இன்னொரு தடவை நடந்தாள். 1964-ல், பகுதி பகுதியாக, மூன்றாம் தடவையும் முடித்தாள்.

நடுவில் 1959-ல் வேறொரு பாதை. மிசூரியின் இன்டிபென்டன்ஸ் நகரிலிருந்து ஓரிகானின் போர்ட்லண்ட் வரை, சுமார் 2,000 மைல். 1849-ல் தங்கம் தேடிப் போன கூட்டமும் அந்த வழியில்தான் முதல் பாதியைக் கடந்தது. மாட்டு வண்டிகளில் வீட்டையே ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர்கள், லாரமி கோட்டைப் பக்கம் வந்ததும் மாடுகள் இழுக்க மாட்டாமல் இரும்பு அடுப்பையும் பெட்டிகளையும் மலைமலையாகப் பன்றி இறைச்சியையும் வழியோரத்தில் வீசிவிட்டுப் போனார்கள். நூற்றுப்பத்து வருஷம் கழித்து அதே மண்ணில் பாட்டி நடந்தாள். வெயிலுக்கு ஒரு குடை பிடித்துக்கொண்டு. தூக்கி எறிய அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை.